உள்பக்கம் திருப்பி வைத்த முகம்

செய்தி வந்தபோது நான் பட்டர்வொர்த் படகுத்துறையில் நின்றுகொண்டிருந்தேன். சிம்பாங் அம்பாட்டில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்விட்டு ஜோர்ஜ் டவுன் இருக்கும் தீவுக்குத் திரும்புகிற நேரம். கையில் அவள் கட்டிக்கொடுத்த மீன்குழம்பு. கைப்பேசி ஒருமுறை அதிர்ந்து அடங்கியது. பிறகு விடாமல் அதிர ஆரம்பித்தது. எங்கள் கட்சிக் கிளையின் வாட்ஸ்அப் குழுவில் இரண்டு காரியங்களுக்குத்தான் இப்படிச் செய்தி கொட்டும். ஒன்று, யாருக்காவது அரசாங்கத்தின் டத்தோ பட்டம் கிடைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் யாராவது போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.

“மாண்புமிகு ஜெயசீலன் அவர்களின் அன்புத் தமக்கையார் திருமதி சந்திரமதி அவர்கள் இன்று காலை இயற்கை எய்தினார் என்பதை ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்.” இதுதான் கிளைத் தலைவர் போட்டிருந்த செய்தி. அதன் கீழே கூப்பிய கைகளின் படம் வரிசையாக வந்துகொண்டே இருந்தது. சிலர் “ஒய்.பி. அவர்களுக்கு எங்கள் ஆழ்ந்த அனுதாபம்” என்று எழுதியிருந்தார்கள். சட்டமன்ற உறுப்பினரை இங்கே நாங்கள் ஒய்.பி. என்றுதான் அழைப்போம்.

எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் முதலில் வந்தது. அந்தச் செய்தியில் பொய் ஒன்றும் இல்லை. அவர் ஜெயசீலனின் அக்காதான். அன்று காலைதான் காலமானார். ஆனால் அதே தொகுதியில், அதே கட்சிக்காக, தம்பிக்கு முன்னால் வேட்பாளராக நின்றவர் அவர். மகளிர் பிரிவை நெடுங்காலம் தூக்கிச் சுமந்தவர். அதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. படகு வந்தது, ஏறினேன். அக்கரை போய்ச் சேர்வதற்குள் இதை எழுதியே தீர்வது என்று முடிவு செய்துவிட்டேன்.

நான் அவரை முதலில் பார்த்ததும் இந்தப் படகில்தான். நாங்கள் இருவருமே ஜோர்ஜ் டவுன்காரர்கள். எனக்கு பட்டர்வொர்த்தில் ஒரு கப்பல் ஏஜென்சியில் குமாஸ்தா வேலை. அவருக்கு புக்கிட் தெங்காவில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் லைன் சூப்பர்வைசர் வேலை. தினமும் காலையில் தன் மோட்டார் சைக்கிளைப் படகில் ஏற்றிக்கொண்டு வருவார். நீளக் கால்சட்டை, தொழிற்சாலைச் சட்டை, இறுக்கிக் கட்டிய கொண்டை, அதன் மேல் தலைக்கவசம் எப்படித்தான் உட்காருமோ தெரியாது. ஒருநாள் படகு கரை சேர்ந்தபோது அவருடைய வண்டி கிளம்பவில்லை. பின்னால் நின்றவர்களெல்லாம் ஹாரன் அடித்தார்கள். ஆண்கள் ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள்: பிளக்கைப் பார், பெட்ரோலைப் பார், சோக்கை இழு. அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “எல்லாரும் சொல்லி முடிச்சிட்டீங்களா? இப்ப தள்ளுங்க,” என்றார். ஒருவரும் அசையவில்லை. நான் போய்ப் பின்னால் கை வைத்தேன்.

வெளியே வந்ததும் என்னைத் திரும்பிப் பார்த்துச் சொன்னார்: “பேசாம கை வெச்சது நீ ஒருத்திதான். பேரு என்னம்மா?”

பிலோமினா என்றேன். அன்றிலிருந்து நான் அவருக்குப் பிலோ. அவர் எனக்குச் சந்திரா அக்கா.

அக்காவின் கணவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். கல்யாணமாகிச் சில வருடங்களிலேயே நோயில் போய்விட்டார். பிள்ளைகள் இல்லை. பெற்றவர்களும் முன்பே போய்விட்டதால், வயதில் வெகுவாக இளையவரான தம்பி ஜெயசீலனை அக்காதான் படிக்க வைத்து ஆளாக்கினார். தம்பி காப்புறுதி முகவரானார். நல்ல மனிதர், சாது. அக்கா சொல்லைத் தட்டாதவர். இதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் வரப்போவதைப் படிக்கும்போது அவர்மேல் யாருக்கும் கோபம் வரக்கூடும். எனக்கு வந்தது. அது நியாயமில்லை என்று அக்கா சொல்வார்.

அக்காதான் என்னைக் கட்சிக் கிளைக்கு இழுத்துக்கொண்டு போனார். தேர்தல் வந்துவிட்டால் எங்கள் கிளையில் வேலை எப்படிப் பிரியும் என்று பார்த்தாலே நாட்டு நடப்பு விளங்கிவிடும். ஆண்கள் நடவடிக்கை அறையில், அதாவது பிரசார அலுவலகத்தில், பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு யார் எங்கே ஜெயிப்பார் என்று கணக்குப் போடுவார்கள். பெண்கள் தேத்தண்ணி கலக்குவார்கள், மீ நூடுல்ஸ் பிரட்டுவார்கள், பிறகு அடுக்குமாடி வீடுகளில் மாடி மாடியாக ஏறி வாக்குக் கேட்பார்கள். மின்தூக்கி பழுதான கட்டடங்கள் எப்போதும் பெண்களுக்குத்தான் ஒதுக்கப்படும். வேட்பாளர் கடைசியில் ஒருநாள் வந்து, கீழே நின்று கையசைத்துவிட்டுப் போவார்.

“கதவத் தொறக்கறது பொம்பள, கதவத் தட்டுறதும் பொம்பள,” என்று அக்கா ஒருநாள் எட்டாவது மாடிப் படிக்கட்டில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார். “நடுவுல நிக்கிறவன் மட்டும் எப்படி பிலோ எப்பவும் ஆம்பளையா இருக்கான்?”

அடுத்த கூட்டத்தில் கையை உயர்த்தி, தனக்கு ஒரு தொகுதி வேண்டும் என்று கேட்டார். தலைவர் இதமான மனிதர், யார் மனதையும் நோகடிக்க மாட்டார். “நீங்க நிக்கப் போயிட்டா மகளிர் பிரிவ யாரும்மா பாத்துக்குவா? உங்கள மாதிரி உழைக்க இங்க ஆள் இருக்கா?” என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். அக்காவும் வேறு வழியில்லாமல் சிரித்தார். பாராட்டியே கதவைச் சாத்துகிற வித்தையை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அதற்கடுத்த தேர்தலில் மறுபடியும் கேட்டார். இந்த முறை தலைவர் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். துணைக்கு நானும் இருந்தேன்.

“தப்பா நெனைக்காதீங்க சந்திரா. வீட்டுக்காரர் இருந்தாருன்னா பரவால்ல. தனியா இருக்கிற பொம்பள, நேரங்காலம் இல்லாம ஆம்பளைங்களோட அலையணும். நாளைக்கு ஒரு பேச்சு வந்துச்சுன்னா கட்சிக்குத்தானே கெட்ட பேரு?”

“நைட் ஷிப்டு முடிஞ்சி இத்தன வருஷமா தனியாத்தான் படகுல வர்றேன் தலைவரே,” என்றார் அக்கா. “அப்ப வராத பேச்சா இப்ப வரப்போகுது?”

தலைவர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அந்த முறை தொகுதி, கட்சியில் சேர்ந்து ஓரிரு வருடமேயான ஒரு கட்டடக் குத்தகையாளருக்குப் போனது. அவருக்காகவும் அக்கா மாடி ஏறினார். அவர் தோற்றார்.

மூன்றாம் முறை அக்கா கேட்கவே இல்லை. அவர்களாகவே கொடுத்தார்கள். காரணம் எளிது. அந்தத் தொகுதியில் எங்கள் கட்சி ஜெயித்து வெகுகாலமாகியிருந்தது. ஆண்கள் ஒருவரும் நிற்கத் தயாராக இல்லை. தீவுப் பக்கத்துத் தொகுதிதான், பெயர் எதற்கு, தெரிந்தவர்களுக்குத் தெரியும். “மகளிருக்கு உரிய மரியாதை கொடுக்கும் கட்சி நம் கட்சி” என்று தலைவர் மேடையில் அறிவித்தார்.

“யாரும் ஏறாத பஸ்ல எனக்கு எடம் குடுத்திருக்காங்க,” என்று அக்கா என் காதில் சொன்னார். “பரவால்ல பிலோ. ஏறிட்டோம்ல, ஓட்டிப் பாத்துருவோம்.”

அந்தச் சில வாரங்களில் நான் பார்த்த சந்திரா அக்காவை அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. அவ்வளவு மகிழ்ச்சி அவர் முகத்தில்.

முதல் சண்டை பதாகைக்கான புகைப்படத்தில் வந்தது. அவர் வழக்கமான கால்சட்டையோடு வந்து நின்றார். சேலைதான் வேண்டும் என்றார்கள். சரி என்று என்னுடைய நீலச் சேலையைக் கட்டிக்கொண்டார். பிறகு பொட்டு வைப்பதா வேண்டாமா என்று ஆண்கள் கூடி விவாதித்தார்கள். கணவர் இல்லாதவர் வைத்தால் ஒரு பேச்சு, வைக்காவிட்டால் படத்தில் முகம் வெறிச்சென்று இருக்கும் என்று இன்னொரு பேச்சு. அக்கா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு என் கைப்பையிலிருந்து சின்னதாக ஒரு கறுப்புப் பொட்டை எடுத்து ஒட்டிக்கொண்டு, “எடுங்கலா, வெளிச்சம் போகுது,” என்றார். அந்தப் படம் அருமையாக வந்தது. நேராகப் பார்க்கிற பார்வை. கீழே அவருடைய பெயர், அதன் கீழே “உங்கள் வேட்பாளர்”.

அடுத்தது மோட்டார் சைக்கிள். வேட்பாளர் மோட்டாரில் போனால் மரியாதையாக இருக்காது என்று தடை போட்டார்கள். என் பழைய காரை நான் ஓட்டினேன். அதிலும் பெண்கள் இருவர் மட்டும் சுற்றுவது நன்றாக இருக்காதாம். துணைக்கு ஓர் ஆண் வேண்டுமாம். அப்படித்தான் ஜெயசீலன் வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டுப் பின்சீட்டில் ஏறினார். பாவம், முதல் நாள் முழுவதும் அவர் எங்கள் தண்ணீர்ப் போத்தல்களைப் பிடித்துக்கொண்டு கூச்சத்தோடு நின்றார்.

வீடு வீடாகப் போவதில் அக்காவை மிஞ்ச ஆளில்லை. ஒரு வீட்டில் கதவைத் திறந்த பெண், “எங்க வீட்டுக்காரர் யாருக்குச் சொல்றாரோ அவங்களுக்குத்தான் போடுவேன்,” என்றார்.

“போடும்மா. ஆனா ஓட்டுச் சீட்டுல கோடு போடற எடத்துக்கு அவரும் உன் கூட உள்ள வருவாரா?” என்று அக்கா கேட்டார்.

அந்தப் பெண் ஒருமுறை வீட்டுக்குள் திரும்பிப் பார்த்தார். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அப்படிச் சிரித்த பெண்களை நான் மாடிக்கு மாடி பார்த்தேன். சீன ஆச்சிகளும், மக்சிக் என்று நாங்கள் அழைக்கும் மலாய்ப் பெரியம்மாக்களும்கூட அக்காவின் தொழிற்சாலை மலாய்மொழியைக் கேட்டு உட்காரச் சொல்லித் தண்ணி கொடுத்தார்கள். ஜெயித்துவிடுவாரோ என்ற பேச்சு கிளையில் மெல்ல எழுந்தது. அதுவரை எட்டிப் பார்க்காத ஆண்கள் அப்போதுதான் எங்கள் நடவடிக்கை அறைக்கு வந்து நாற்காலி கேட்டார்கள்.

அப்புறம்தான் கோயில் வந்தது.

தொகுதியில் நம்மவர்கள் அதிகம் கூடுகிற கோயில் அது. எந்தக் கட்சி வேட்பாளர் வந்தாலும் தலையில் பரிவட்டம் கட்டி, கழுத்தில் சாமி மாலை போட்டு மரியாதை செய்வது அங்கே வழக்கம். நாங்கள் போனது வெள்ளிக்கிழமைப் பூசைக்கு. நல்ல கூட்டம். தட்டில் மாலையும் பட்டும் தயாராக இருந்தன. குருக்கள் தட்டை எடுத்தார், பிறகு தயங்கினார். கோயில் தலைவர் செயலாளரைப் பார்த்தார். செயலாளர் பொருளாளரைப் பார்த்தார். பெண்ணுக்குப் பரிவட்டம் கட்டி அங்கே பழக்கமில்லை. அதிலும் கணவரை இழந்தவருக்குச் சாமி மாலை போடலாமா என்று அவர்களுக்குள் முணுமுணுப்பு. எனக்கே கேட்டது என்றால் பக்கத்தில் நின்ற அக்காவுக்குக் கேட்காமலா இருக்கும்?

கோயில் தலைவர் வழி கண்டுபிடித்துவிட்டார். “தம்பி இருக்காருல்ல. அக்கா சார்பா அவருக்குச் செஞ்சிருவோம்,” என்றார். செருப்பு விடும் இடத்தில் நான் கொடுத்த கார்ச் சாவியோடு நின்றிருந்த ஜெயசீலனைக் கையைப் பிடித்து அழைத்து வந்தார்கள். அவர் “எனக்கு எதுக்கு, அக்காவுக்குச் செய்ங்க,” என்று இரண்டு தடவை சொன்னார். மூன்றாவது தடவை சொல்வதற்குள் பரிவட்டம் தலையில் ஏறிவிட்டது. மேளம் கொட்டியது. வேட்பாளருக்குத் திருநீறும் ஓர் எலுமிச்சம்பழமும் கொடுத்தார்கள்.

நான் கத்தோலிக்கப் பெண், கோயில் நடைமுறையில் நான் வாய் கொடுக்கக் கூடாது. ஆனாலும் வாயைத் திறந்தேன். அக்கா என் மணிக்கட்டை அழுத்திப் பிடித்தார். “ஓட்டுக் கேக்க வந்திருக்கோம் பிலோ, சண்டை போட இல்ல,” என்றார். அவருடைய மற்றொரு கையில் எலுமிச்சம்பழம் நசுங்கிப் போயிருந்தது.

யாரோ எடுத்த படம் ஊரெல்லாம் சுற்றியது. நடுவில் மாலையும் பரிவட்டமுமாக ஜெயசீலன். ஓரத்தில் கை கூப்பியபடி அக்கா. படத்தின் கீழே “நமது வேட்பாளருக்கு ஆலய மரியாதை” என்று எழுதியிருந்தது. நம் சனங்களுக்கு மாலை யார் கழுத்தில் விழுகிறதோ அவர்தான் தலைவர். அதற்குமேல் யாரும் விசாரிக்க மாட்டார்கள். மறுநாளிலிருந்து கோப்பிக்கடைகளில் ஜெயசீலனுக்குத்தான் நாற்காலி இழுத்துப் போட்டார்கள். கால்வாய் அடைத்துக்கொண்டதையும் தெருவிளக்கு எரியாததையும் அவரிடம்தான் சொன்னார்கள். அவர் முதலில் “அக்காகிட்ட சொல்லுங்க” என்று கைகாட்டினார். அப்புறம் “அக்காகிட்ட சொல்றேன்” என்றார். பிரசாரம் முடிகிற நாட்களில் “நான் பாத்துக்கறேன்” என்று சொல்ல ஆரம்பித்தார். பெரிய மனிதர்கள் போடுகிற பூவேலை பாத்தேக் சட்டை ஒன்றும் புதிதாக வாங்கியிருந்தார். பிறர் மரியாதை பழகிவிட்டால் அதை எவராலும் திருப்பிக் கொடுக்க முடிவதில்லை, நல்லவர்களாலும் முடிவதில்லை.

வாக்களிப்பு நாளன்று பள்ளிக்கூடத்துக்கு வெளியே எங்கள் கூடாரத்தில் நின்றிருந்தோம். வாக்களித்துவிட்டு வந்த பெரியவர் ஒருவர் நேராக ஜெயசீலனிடம் போய்க் கையைப் பிடித்துக்கொண்டார். “ஒங்களுக்குத்தான் தம்பி போட்டேன். ஒங்க பேரத்தான் காணோம். சின்னத்தப் பாத்துப் போட்டுட்டேன்.” பக்கத்தில் நின்ற அக்கா, “ரொம்ப நன்றிங்க ஐயா,” என்றார். பெரியவர் அவரைத் தண்ணி கொடுக்கிற பெண் என்று நினைத்திருக்க வேண்டும். தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

அக்கா தோற்றார். மிகக் கொஞ்ச வித்தியாசத்தில் தோற்றார். கட்சியில் யாருமே எதிர்பார்க்காத நெருக்கம் அது. ஓர் ஆண் அப்படித் தோற்றிருந்தால் வெற்றிக்குச் சமமான தோல்வி என்று மேடை போட்டுப் பேசியிருப்பார்கள். அக்கா தோற்றதும், பொம்பளையை நிறுத்தினால் இப்படித்தான் என்றார்கள். அவருடைய காதுபடவே சொன்னார்கள்.

பதாகைகளை யார் கழற்றுவது என்ற கேள்வி வந்தது. கட்டும்போது இருந்த கூட்டம் கழற்றும்போது இல்லை. அக்கா தன் மோட்டாரை வெளியே எடுத்தார். நாங்கள் இருவரும் தெருத் தெருவாகப் போனோம். அவருடைய முகத்தை அவரே அவிழ்த்துச் சுருட்டினார். எல்லாம் குப்பைக்குப் போனது. பெரிய பதாகை ஒன்றை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்து, அடுக்குமாடிக்குக் கீழே நிறுத்தும் தன் மோட்டாருக்கு மழைப்போர்வையாகப் போட்டுக்கொண்டார். முகம் உள்பக்கம், வெளியே வெறும் வெள்ளை.

“என்னக்கா, படம் தெரியற மாதிரி போடலாம்ல?” என்றேன்.

“உள்ளயே இருக்கட்டும் பிலோ. வெயில் பட்டா கறுத்துப் போயிருவேன்,” என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

அடுத்த தேர்தலில் காற்று எங்கள் பக்கம் வீசியது. தோற்கும் தொகுதி ஜெயிக்கும் தொகுதியாகிவிட்டது. வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கிற கூட்டத்தில் அக்காவின் பெயர் வரும் என்று மகளிர் பிரிவில் எல்லோரும் காத்திருந்தோம். ஜெயசீலனின் பெயர் வந்தது. “தொகுதி மக்களுக்கு நல்லாத் தெரிஞ்ச முகம்,” என்றார் தலைவர். தெரிந்த முகம்தான். எப்படித் தெரிந்தது என்று அந்த அறையில் ஒருவரும் கேட்கவில்லை.

அன்று சாயங்காலமே ஜெயசீலன் அக்கா வீட்டுக்கு வந்தார். நானும் அங்கே இருந்தேன். அவர் உட்காரவில்லை.

“நான் கேக்கலக்கா. அவங்களாத்தான் குடுத்தாங்க. நீ வேணாம்னு சொல்லு, நான் நிக்கல.”

அக்கா ஒரு நாற்காலியை அவர் பக்கம் தள்ளினார். “நீ வேணாம்னா வேற ஒரு ஆம்பளைக்குத்தான்டா குடுப்பாங்க. எனக்கா குடுக்கப் போறாங்க? நில்லு. நல்லாச் செய்யி.”

தம்பி போனபிறகு நான் வாய்க்கு வந்தபடி பேசினேன். அக்கா அரிசி களைந்துகொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். “வேணாம்னு சொன்னா தம்பி வாழ்க்கைக்குக் குறுக்க நின்னவளுன்னு சொல்லுவாங்க. சரின்னு சொன்னா, பாரு, அவளுக்கே ஆசையில்லன்னு சொல்லுவாங்க. எதச் சொன்னாலும் எனக்குத்தான் கெட்ட பேரு. அதான் நான் வளத்தவனுக்காவது நல்லது நடக்கட்டும்னு சொன்னேன்,” என்றார்.

தம்பிக்காக மறுபடியும் மாடி ஏறினார். முழங்கால் வலிக்கு உறை மாட்டிக்கொண்டு ஏறினார். ஜெயசீலன் நல்ல வித்தியாசத்தில் ஜெயித்தார். வெற்றிபெற்று வந்தவருக்கு அடுக்குமாடி வாசலில் ஆரத்தி எடுத்தோம். மஞ்சளும் சுண்ணாம்பும் போட்டு ஆரத்தித் தண்ணீரைச் சிவக்கக் கலக்கியவர் அக்கா. கர்ப்பூரம் ஏற்றியவர் அக்கா. தட்டை மட்டும் வேறொரு பெண் கையில் கொடுத்துவிட்டுத் தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை; சொல்லத் தேவையும் இருக்கவில்லை. தம்பி மாலையோடு குனிந்து அக்கா எங்கே என்று தேடினார். கூட்டம் தம்பியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டது.

அதன்பிறகு அக்கா கிளைக்கு வருவதைக் குறைத்துக்கொண்டார். பணி ஓய்வும் வந்தது, சிறுநீரகக் கோளாறும் வந்தது. சிகிச்சைக்காகப் பட்டர்வொர்த்தில் ஒரு கிளினிக்குக்கு வாரா வாரம் போவோம். ஒருநாள் திரும்பி வரும்போது படகின் ஓரத்தில் நின்று, அக்கரையில் உயர்ந்து நிற்கும் கொம்தார் கட்டடத்தைப் பார்த்தபடி, தானாகவே பேச ஆரம்பித்தார். அந்த ஒரு தடவைதான் பேசினார்.

“தோத்தது வலிக்கல பிலோ. நின்னா ஜெயிக்கிறதும் உண்டு, தோக்குறதும் உண்டு. இன்னிக்கு கிளினிக்குல ஒரு புள்ள, ‘நீங்க ஒய்.பி.யோட அக்காதான, அவருக்கு ரொம்ப ஹெல்ப் பண்ணீங்களாமே’ன்னுச்சு. நான் நின்னேன்மான்னு சொன்னேன். சிரிச்சிட்டு, ஆமாமா, கூடவே நின்னீங்களாம்னு சொல்லுது.” படகின் கம்பியைப் பிடித்துக்கொண்டார். “நான் தோத்தத ஞாபகம் வெச்சிருந்தாக்கூடப் போதும்லா. நின்னதே மறந்துட்டாங்க.”

இந்த வருத்தத்தோடுதான் அவர் போனார் என்பது எனக்குத் தெரியும். அது ஆறாது.

இறுதிச் சடங்கு அடுக்குமாடிக்குக் கீழே, வாகனம் நிறுத்தும் இடத்தில் போட்ட கூடாரத்தில் நடந்தது. நல்ல கூட்டம், ஒய்.பி. வீட்டுச் சாவு அல்லவா. மாலைமேல் மாலையாக விழுந்து அக்காவின் முகம் மட்டும்தான் தெரிந்தது. அந்தக் கோயில் தலைவரும் பெரிய ரோஜா மாலையோடு வந்தார். அவருக்கு வழி விட்டு, “போடுங்க ஐயா. இப்ப போட்டா குத்தம் இல்ல,” என்றேன். அவருக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. போட்டார், கும்பிட்டார், போய் உட்கார்ந்தார்.

தேவாரம் பாடி முடித்ததும் இரங்கல் பேச்சுகள் தொடங்கின. பாசமான அக்கா என்றார்கள், தியாகி என்றார்கள், தம்பியைத் தூக்கிவிட்ட ஏணி என்றார்கள். ஏணி என்று சொன்னவுடன் என்னால் உட்கார முடியவில்லை. எழுந்து கூடாரத்தைத் தாண்டி நடந்தேன். தூண் ஓரத்தில் அவருடைய மோட்டார் வெள்ளைப் போர்வையோடு நின்றுகொண்டிருந்தது. வெளிப்பக்கம் புழுதியும் பறவை எச்சமுமாக இருந்தது. கயிற்றை அவிழ்த்தேன். மகளிர் பிரிவுப் பெண்கள் என்னைப் பார்த்துவிட்டு ஒவ்வொருவராக எழுந்து வந்தார்கள். ஆளுக்கொரு முனையாகப் பிடித்து, திருப்பி, இரண்டு தூண்களுக்கு நடுவில் கட்டினோம். எத்தனை வேட்பாளர்களுக்குக் கட்டிய கைகள், முடிச்சுப் போடச் சொல்லித் தரவா வேண்டும்?

பேச்சு நின்றுவிட்டது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். என் நீலச் சேலை, சின்னக் கறுப்புப் பொட்டு, நேரான பார்வை. உங்கள் வேட்பாளர். மேல்மாடி மலாய்க்காரப் பெண் ஒருவர் படத்தைச் சுட்டிக்காட்டித் தன் மகளிடம் ஏதோ சொன்னார். அவருக்கு நினைவிருந்தது.

கிளைத் தலைவர் ஜெயசீலனின் காதருகே குனிந்தார். “தேர்தல் நேரம் இல்லையே ஒய்.பி., எடுத்துரச் சொல்லட்டுமா?”

ஜெயசீலன் எழுந்து வந்து பதாகையின் முன்னால் நின்றார். அழுது வீங்கிய கண்கள்.

“எங்க இருந்துச்சு பிலோக்கா இது?”

“மோட்டர் மேல. இத்தன வருஷமா மழைக்குப் போத்தியிருந்தாங்க. நீங்க வரும்போதெல்லாம் பக்கத்துலதான் காடிய நிறுத்துவீங்க.”

அவர் படத்தின் கன்னத்தைத் தொட்டார். “கொஞ்சங்கூட வெளுக்கலையே.”

“மொகம் உள்பக்கம் இருந்துச்சு, அதான்,” என்றேன்.

அவர் பதாகையின் மடிப்பைக் கையால் நீவிவிட்டார். பிறகு தலைவர் பக்கம் திரும்பி, “இருக்கட்டும். யாரும் கை வைக்க வேணாம்,” என்றார். ஒலிபெருக்கிக்குப் போய், “எங்க அக்கா இந்தத் தொகுதியில நின்னாங்க. எனக்கு முன்னால நின்னாங்க,” என்றார். அவ்வளவு சொல்லிவிட்டு இறங்கினார்.

எங்கள் ஊர் வழக்கப்படி பெண்கள் சுடலைக்குப் போவதில்லை; அடுக்குமாடி வாசலோடு நின்றுவிட வேண்டும். நின்றோம். பத்து லஞ்சாங் சுடுகாட்டை நோக்கி வண்டி மெல்ல நகர்ந்தது. தூண்களுக்கு நடுவிலிருந்து அக்கா தன்னைத் தானே வழியனுப்பிக்கொண்டிருந்தார். நீங்கள் நின்றீர்கள் அக்கா. நாங்கள் பார்த்தோம். போய் வாருங்கள், எங்கள் வேட்பாளரே.